வயல் நம்முடையது, நிரூபிக்க வேண்டியதும் நாம்தான்

சிவில் கேஸ் போடப்போகிற யாரும் வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அநியாயம் செய்தது எதிராளியாக இருக்கலாம், ஊர் முழுக்க அதை அறிந்திருக்கலாம். ஆனால் கோர்ட்டுப் படி ஏறியது நாம் என்றால் நிரூபிக்க வேண்டியதும் நாம்தான். அவர் ஒரு காகிதம்கூடக் காட்டாமல் உட்கார்ந்திருந்தாலும், நம் பக்கம் ஓட்டை இருந்தால் வழக்கு தள்ளுபடிதான். இதை எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. திருநெல்வேலிப் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிற பூர்வீக வயலுக்காக 2018-ல் போட்ட வழக்கு 2023-ல்தான் தீர்ப்பானது. வக்கீல் பீஸ், கோர்ட் கட்டணம், ஆணையர் செலவு, நகல் செலவு, முத்திரைத் தண்டம் என்று இரண்டரை லட்சத்துக்கு மேல் போய்விட்டது. தகராறான துண்டு இருபது சென்ட்கூட வராது. எதை யார் நிரூபிக்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே பிரித்துச் சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால் செலவில் பெரும்பகுதியும் ஓரிரு வருடமும் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

தகராறு இந்தப் பக்கத்தில் வழக்கமாக வருகிற தகராறுதான். தாத்தா 1961-ல் கிரையம் வாங்கிய நஞ்சை. எண்பதுகளில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க நடந்த யு.டி.ஆர். நில அளவையில் கிழக்கோரத் துண்டு பக்கத்து வயல்காரர் பட்டாவில் ஏறிவிட்டது. இரண்டு குடும்பமும் பழைய வரப்பை மதித்தே கார், பிசானம் இரண்டு போகமும் பயிர் வைத்ததால் காகிதத்தில் இருந்த கோளாறு வெளியே தெரியவில்லை. அப்பா காலமான பிறகு ஒரு பிசான நடவுக்கு முன்னால் அவர்கள் வரப்பை வெட்டினார்கள். போலீஸ் ஸ்டேஷனில் சிவில் மேட்டர் என்றார்கள். தாலுகா ஆபீசில், உரிமை யாருக்கு என்று முடிவு செய்ய எங்களுக்கு அதிகாரம் இல்லை என்றார்கள். இரண்டு பதிலுமே சட்டப்படி சரி. அன்றைக்கு அதைக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தபோது வந்த ஆத்திரம் மட்டும் இன்னும் ஆறவில்லை.

முதலில் கேட்டது நிரந்தர உறுத்துக்கட்டளை மட்டும்: எங்கள் அனுபவத்தில், அதாவது நிலம் எங்கள் கையில் இருப்பதில், தலையிடக்கூடாது என்று ஒரு தடை. எதிராளியின் பதில், அதாவது எதிர்வழக்குரை, வந்ததும் நிலைமை மாறியது. நிலமே எங்களுடையது, பட்டா எங்கள் பேரில் இருக்கிறது; அப்படி இல்லை என்றாலும் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் நாங்கள்தான் அனுபவிக்கிறோம், எதிரிடை அனுபவத்தால் உரிமை வந்துவிட்டது என்று எழுதியிருந்தார்கள். எதிராளி உரிமையையே மறுத்து, அந்த மறுப்புக்கு ஏதாவது அடிப்படையும் இருந்தால் வெறும் உறுத்துக்கட்டளை போதாது. உரிமையை விளம்புகை செய்ய, அதாவது உரிமை நமக்குத்தான் என்று கோர்ட் அறிவிக்க, சொல்லியும் கேட்க வேண்டும். அனதுலா சுதாகர் வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகச் சொல்லியிருக்கிறது. பிராதை, அதாவது நாங்கள் முதலில் கொடுத்த வழக்குரையை, திருத்த மனுப் போட்டோம். எதிர்ப்புரை, வாதம், உத்தரவு என்று அதிலேயே ஒரு வருடம் ஓடியது. விசாரணை தொடங்கிய பிறகு திருத்தம் கேட்டால் இன்னும் கஷ்டம். முயன்றும் முன்பே கேட்க முடியாமல் போனதற்குக் காரணம் காட்ட வேண்டும். ஆகவே உங்கள் சர்வே எண்ணுக்கு எதிராளி பேரில் ஒரு பட்டாவோ பத்திரமோ இருக்கிறது என்று தெரிந்தால் முதல் நாளே விளம்புகையும் சேர்த்துக் கேளுங்கள். கோர்ட் கட்டணம் கூடும் என்று பயப்பட வேண்டாம். விளம்புகையும் உறுத்துக்கட்டளையும் சேர்த்துக் கேட்டால் சந்தை மதிப்பில் பாதிக்குத்தான் கட்டணம். 2017-லிருந்து விகிதம் 3 சதவீதம். எட்டு லட்சம் மதிப்பு என்றால் நாலு லட்சத்துக்குக் கணக்கிட்டு 12,000 ரூபாய்.

அடுத்து எழுவினாக்கள். நீதிபதி பிராதையும் எதிர்வழக்குரையையும் வைத்துக்கொண்டு எந்தெந்தக் கேள்விக்கு விடை காண வேண்டும் என்று வகுக்கிற கட்டம் இது. கட்சிக்காரர்கள் பெரும்பாலும் அன்றைக்குக் கோர்ட்டுக்கே போவதில்லை, வாய்தா என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் வழக்கின் முடிவு பாதி அங்கேயே எழுதப்படுகிறது. எழுவினாக்களின் நகலை வாங்கி, ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் ஒரு சாட்சியும் விடவில்லை என்றால் தோற்பது யார்? யார் தோற்பாரோ அவர் தலையில்தான் நிரூபிக்கும் பொறுப்பு. இது யாரோ சொன்ன யுக்தி இல்லை, சாட்சியச் சட்டத்தின் 102-ஆவது பிரிவே இதுதான். அதற்கு முந்தைய 101, சட்ட உரிமையைக் கோரித் தீர்ப்புக் கேட்கிறவர் அதற்கு ஆதாரமான சங்கதிகளை நிரூபிக்க வேண்டும் என்கிறது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியம் வந்துவிட்டதால் இப்போது அவை 104, 105. அந்தத் தேதிக்கு முன்பே நடந்துகொண்டிருந்த வழக்குகளுக்குப் பழைய சட்டமேதான்.

எங்கள் வழக்கில் அப்படிப் பார்த்தபோது கிடைத்தது இது. கிரையப் பத்திரப்படி உரிமை உண்டா என்பது எங்கள் பொறுப்பு. தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு இந்தப் பங்கு வந்ததா, அதுவும் எங்கள் பொறுப்பு. வழக்குப் போட்ட தேதியில் அனுபவம் யாரிடம், அதுவும் நாங்களே. எதிரிடை அனுபவம் மட்டும் அவர்கள் பொறுப்பு. இதை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்த ஆவணம், எந்தச் சாட்சி என்று குறித்த பிறகுதான் வழக்கே எங்களுக்குப் புரிந்தது. தாளில் எங்கே வெற்றிடம் இருக்கிறதோ அங்கேதான் எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையை வைப்பார். இன்னொன்று: அடிப்படைப் பொறுப்பு ஒருவர் தலையிலிருந்து இறங்குவதே இல்லை. ஆனால் நாம் ஓரளவு நம்பத்தக்க ஆதாரத்தை வைத்துவிட்டால், அதற்குப் பதில் ஆதாரம் காட்ட வேண்டிய கட்டாயம் எதிராளிக்குப் போகும். உச்ச நீதிமன்றம் அனில் ரிஷி வழக்கில் (2006) இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. சிவில் வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்ற அளவு போதும். ஆகவே முதல் அடுக்கு ஆதாரத்தைப் பலமாகப் போட்டுவிட்டால் மீதிச் சுமை தானாக அந்தப் பக்கம் சாயும்.

பட்டாவைப் பற்றி நம் பக்கத்தில் இருக்கிற நம்பிக்கை பெரிய ஆபத்து. வக்கீல் குமாஸ்தா ஒருவர் சொன்னார், "அண்ணாச்சி, பட்டாவை மட்டும் வச்சு டைட்டில் கேக்க முடியாது, அது தீர்வை கட்டத்தான்." வருவாய்த்துறைப் பதிவு உரிமை தராது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. வாசவி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில் (2014), விளம்புகை கேட்கிறவர் தன் பலத்தில்தான் ஜெயிக்க வேண்டும், எதிராளியின் பலவீனத்தில் இல்லை என்றும் சொன்னது. இது இரண்டு பக்கமும் வெட்டும். எதிராளியிடம் பட்டா மட்டுமே இருப்பது நமக்குச் சாதகம். ஆனால் அதனால் மட்டும் நாம் ஜெயித்துவிட மாட்டோம்.

யு.டி.ஆர். பிசகை எப்படிக் காட்டுவது? மூன்று ஆவணம் வேண்டும். யு.டி.ஆருக்கு முந்தைய நிலவரி முடிவுப் பதிவேட்டின் நகல், யு.டி.ஆர். சமயத்து அ-பதிவேட்டின் நகல், இரண்டு காலத்துப் புலப்படமும் (வயலை அளந்து வரைந்த படம்). பழைய சர்வே எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் ஒப்பீடு இருந்தால்தான் 1961 பத்திரத்தில் உள்ள வயலும் இன்றைய உட்பிரிவும் ஒன்று என்று காட்ட முடியும். பழைய பத்திரங்களில் அளவு மரக்கால் விதைப்பாடு என்று இருக்கும், பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும் (ஒரு ஏர் 2.47 சென்ட்). அளவு கணக்கு ஒட்டாவிட்டால் கலங்க வேண்டாம். பத்திரத்தில் நான்கு மால், அதாவது நான்கு பக்க எல்லை, தெளிவாக இருந்தால் பொதுவாக அளவைவிட எல்லைக்கே மதிப்பு அதிகம். கிழக்கு மாலில் வாய்க்கால், மடை, பொதுப்பாதை என்று நகராத அடையாளம் ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று பத்திரத்தை வரிவரியாகப் படியுங்கள். எங்களைக் காப்பாற்றியது அப்படி ஒரு வரிதான்.

அனுபவத்துக்கு அடங்கல் (கிராமப் பயிர்க் கணக்கு) நகல், தீர்வை ரசீது, கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கிய பதிவு எல்லாம் உதவும். அடங்கல் பசலிவாரியாக, அதாவது வருவாய்த்துறை ஆண்டுவாரியாக இருக்கும். பசலி ஜூலை 1-ல் தொடங்கும், ஆங்கில வருடத்திலிருந்து 590 கழித்தால் பசலி எண். 2024 ஜூலையில் தொடங்கியது பசலி 1434. தகராறு வந்த பிறகு அவசரமாகக் கட்டிய தீர்வை ரசீதை எவ்வளவு அடுக்கினாலும் நீதிபதி மதிக்க மாட்டார். தகராறுக்கு முந்தைய பத்து, பதினைந்து பசலிக்கு இடைவெளி இல்லாமல் காட்ட வேண்டும். அனுபவத்தில் இருக்கிறவருக்குச் சட்டம் ஒரு சலுகை தருகிறது: அவர் உரிமையாளர் இல்லை என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் (பழைய 110, புதிய 113). அதனால்தான் அனுபவ ஆவணங்களுக்கு இவ்வளவு அலைகிறோம்.

கிரையப் பத்திரம் எழுதியவரும் சாட்சிகளும் இறந்துபோயிருந்தால்? முப்பது வருடத்துக்கு மேற்பட்ட அசல் பத்திரம், இருக்க வேண்டியவர் கையிலிருந்து வந்தால், கையெழுத்தும் எழுதிக்கொடுத்ததும் உண்மை என்று கோர்ட் அனுமானிக்கலாம் (பழைய 90, புதிய 92). இதற்கு அசல் வேண்டும். சார்பதிவகத்தில் வாங்கிய நகலுக்கு அந்த அனுமானம் தானாகக் கிடைக்காது. அதனால் அசலை யார் பெட்டியில் வைத்திருந்தார்கள், எப்படி நம் கைக்கு வந்தது என்பதை நிரூபண வாக்குமூலத்தில் ஒரு வரி சொல்லுங்கள்.

எங்களுக்குப் பெரிய தலைவலி கூறுசீட்டு. அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்தது பதிவு செய்யாத வெள்ளைத் தாளில். நம் ஊர்களில் பாதிக் குடும்பத்தில் இதே கதைதான். இன்று முதல் இப்படிப் பாகித்துக்கொண்டோம் என்று எழுதியிருந்தால் அந்தத் தாள்தான் பாகப்பிரிவினை. பதிவு இல்லாமல் உரிமைக்கு ஆதாரமாக ஏற்க மாட்டார்கள். ஏற்கெனவே வாய்மொழியாகப் பாகித்து அனுபவித்து வருவதை நினைவுக்காக எழுதிவைக்கிறோம் என்றிருந்தால் பதிவு தேவையில்லை. வாசகத்தில் இருக்கும் இந்த வித்தியாசத்தில் குடும்பத்தின் சொத்தே தொங்கும். பதிவில்லாத பாகப்பத்திரத்தையும், யார் எந்தத் துண்டை அனுபவித்தார் என்று காட்டுகிற துணை நோக்கத்துக்கு மட்டும் காட்டலாம். ஆனால் முதலில் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். கோர்ட்டிலேயே கட்டினால் குறைவான தீர்வையும் அதற்குப் பத்து மடங்கு தண்டமும். ஆவணத்தைச் சான்றாவணமாக்க நீட்டுவதற்கு முன்பே, மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பித் தீர்வை நிர்ணயிக்கச் சொல்லி மனுப் போட்டால், தண்டத்தைக் குறைக்க அவருக்கு அதிகாரம் உண்டு. இந்த வழி இருப்பது எங்களுக்குத் தண்டம் கட்டிய பிறகுதான் காதில் விழுந்தது. பெரியப்பா மக்கள் உங்களோடு நல்லபடியாக இருந்தால் அவர்களைச் சாட்சியாகக் கூப்பிடுங்கள். ஆமாம், இந்தத் துண்டு சித்தப்பாவுக்குத்தான் போனது என்று அவர்கள் கூண்டில் சொல்வது எந்தத் தாளையும்விடக் கனமானது.

உயில் வழியாகச் சொத்து வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. உயிலைப் பதிவு செய்திருந்தாலும், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் உயிரோடு இருக்கிற ஒருவரையாவது கூண்டில் ஏற்றியே தீர வேண்டும். முப்பது வருட அனுமானம் உயிலுக்குக் கிடையாது. சாட்சிகளுக்கு வயதாகிறது என்றால் வழக்கு முதிரும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே விசாரிக்க மனுப் போடுங்கள்.

கூண்டில் யார் ஏறுவது என்பதும் நிரூபிக்கும் பொறுப்போடு சேர்ந்ததுதான். மும்பையிலோ துபாயிலோ இருக்கிற அண்ணன், ஊரில் இருக்கிற தம்பிக்குப் பவர் கொடுத்து அவரைச் சாட்சி சொல்லவைப்பது இங்கே சகஜம். பவர் ஏஜெண்ட் தான் செய்த காரியங்களைப் பற்றிச் சொல்லலாம். கட்சிக்காரருக்கு மட்டுமே தெரிந்ததை அவருக்குப் பதிலாகச் சொல்ல முடியாது என்று ஜான்கி வாஷ்தேவ் போஜ்வானி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. சொத்தின் கதை தெரிந்த கட்சிக்காரர் கூண்டேறாமல் இருந்தால் அவருக்கு எதிராகவே அனுமானம் வரும். எங்கள் அம்மாதான் வா.சா.1 (வாதி தரப்பு முதல் சாட்சி) ஆக ஏறினார்கள். வயலில் களை பறித்த காலத்திலிருந்து சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். குறுக்கு விசாரணையில் சர்வே எண் கேட்டார்கள், ஏர் கணக்குக் கேட்டார்கள். தெரியாது என்று சொல்வதற்கு அம்மா கூச்சப்பட்டதைப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தது இந்த வழக்கிலேயே எனக்கு மிகக் கொடுமையான நேரம். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் முன்பே சொல்லிவையுங்கள்: தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் வழக்கு கெடாது. ஊகித்து ஒரு எண்ணைச் சொன்னால்தான் கெடும். சாட்சியத்தைத் தட்டச்சு செய்து கையெழுத்து வாங்கும்போது முழுக்கப் படித்துப் பாருங்கள். சொன்னது ஒன்று, பதிவானது ஒன்று என்றால் அங்கேயே நீதிபதியிடம் சொல்லித் திருத்த வேண்டும்.

எதிர்த்தரப்பு ஜெராக்ஸ் நகலைச் சான்றாவணமாகக் குறியீடு செய்ய வந்தால் அந்த நிமிடமே ஆட்சேபணை பதிவாக வேண்டும். நிரூபிக்கும் முறை பற்றிய ஆட்சேபணையை அப்போது எழுப்பாமல் விட்டுவிட்டு மேல்முறையீட்டில் கிளப்ப முடியாது என்று ஆர்.வி.இ. வெங்கடாசல கவுண்டர் வழக்கில் (2003) சொல்லப்பட்டிருக்கிறது. அதேபோல் எதிர்வழக்குரையைப் பத்தி பத்தியாகப் படித்து, அவர்கள் குறிப்பாக மறுக்காத சங்கதிகளைப் பட்டியல் போடுங்கள். மறுக்காதது ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளப்படும். ஒப்புக்கொண்டதை நிரூபிக்கப் பணம் செலவழிக்க வேண்டாம். நம் பக்கமும் பிராதில் சொல்லாத சங்கதிக்கு எத்தனை சாட்சி விட்டாலும் பயனில்லை.

ஆணையர் விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இடத்தைப் பார்க்கக் கோர்ட் நியமிக்கிற வக்கீல் ஆணையர் வந்து பார்த்தால் அனுபவம் யாருடையது என்று எழுதிக்கொடுத்துவிடுவார் என்று நினைக்கிறோம். அனுபவத்துக்கு ஆதாரம் திரட்ட ஆணையரை அனுப்ப மாட்டார்கள். அவர் வேலை இடத்தின் இயல்பைப் பார்ப்பது, சர்வேயர் உதவியோடு அளந்து வரைபடம் தருவது. ஆகவே மனுவிலேயே, பத்திரத்தின் நான்கு மாலையும் இரண்டு புலப்படத்தையும் வைத்து அளக்க வேண்டும் என்று கேளுங்கள். வரப்பு வெட்டிய தடம், மடையின் இடம், பழைய பனையோ வேப்பமரமோ இருந்தால் அதன் தூரம் எல்லாவற்றையும் குறிக்கச் சொல்லி ஆணையரிடம் எழுத்தில் கொடுங்கள். அறிக்கை தவறாக இருந்தால் உடனே எழுத்தில் ஆட்சேபணை. வெட்டின வரப்பை நடவு முடிந்தால் யாரும் கண்டுபிடிக்க முடியாது. வழக்குப் போட்ட வாரத்திலேயே ஆணையர் மனுவும் போக வேண்டும். போனில் எடுத்த படங்களுக்குச் சான்றிதழ் இல்லாமல் மதிப்பில்லை. புதிய சட்டத்தின் 63-ஆவது பிரிவில் அது இரண்டு பகுதி: ஒன்று கட்சிக்காரர் தருவது, மற்றது நிபுணர் தருவது.

எதிராளியின் எதிரிடை அனுபவ வாதம் கடைசியில் எங்களுக்கு உதவியது. அதைச் சொல்கிறவர் எந்தத் தேதியிலிருந்து, யாருக்கு எதிராக, எப்படி வெளிப்படையாகத் தொடர்ந்து அனுபவித்தார் என்று அவரே காட்ட வேண்டும். கர்நாடக வக்ஃபு வாரிய வழக்கு (2004) இதை வரிசையாகச் சொல்கிறது. அவர்கள் ஒரு தேதியும் சொல்லவில்லை. தவிர, நிலமே தங்களுடையது என்ற அவர்கள் வாதமும் இதுவும் ஒன்றாக ஓடாது. இன்னொருவருடைய நிலம் என்று ஏற்றால்தான் அவருக்கு எதிரான அனுபவம் என்ற பேச்சே வரும்.

கடன் வழக்கில் இருப்பவர்கள் மேலே சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். புரோநோட்டிலோ செக்கிலோ இருப்பது உங்கள் கையெழுத்து என்று ஒப்புக்கொண்டுவிட்டால் பணம் கைமாறியது என்றே சட்டம் அனுமானிக்கும் (மாற்றுமுறை ஆவணச் சட்டம் 118, 139). அங்கே எதிராதாரம் காட்ட வேண்டியது கையெழுத்துப் போட்டவர். வெற்றுத் தாளில் கையெழுத்துக் கொடுக்காதீர்கள் என்று பெரியவர்கள் சொல்வது இதற்காகத்தான்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது; செலவுத்தொகை அவரவர் பொறுப்பு என்று முடிந்தது, ஆகவே போன பணம் போனதுதான். ஜெயித்தவர்களும் தீர்ப்பு, டிக்ரி நகலுக்கு உடனே மனுப் போட வேண்டும். மாவட்ட அளவிலான மேல்முறையீட்டுக்கு 30 நாள், நகல் பெற ஆன நாட்கள் அதில் கழியும். அந்தக் காலத்துக்குள் கேவியட் போட்டு வையுங்கள், அது 90 நாள் நிற்கும். உங்களைக் கேட்காமல் தடை வாங்க முடியாது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு இரண்டாம் மேல்முறையீடு போனால் அங்கே முக்கியமான சட்டப் பிரச்சினையை மட்டுமே பார்ப்பார்கள், சாட்சியத்தைப் புதிதாக அளக்க மாட்டார்கள். கீழ்க் கோர்ட்டில் வைக்காத ஆதாரத்தை அங்கே போய் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும், அல்லது மேல்முறையீடும் முடிந்ததும், அசல் பத்திரங்களைத் திரும்பக் கேட்டுத் தனி மனுப் போட வேண்டும். சான்றிட்ட நகலை வைத்துவிட்டு அசலைத் தருவார்கள். கேட்காவிட்டால் அது வழக்குக் கட்டிலேயே கிடக்கும், குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு பழைய கட்டுகளை அழிக்க விதியும் இருக்கிறது. வாங்கின கையோடு தீர்ப்பு நகலையும் சேர்த்துப் பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுங்கள். பட்டாவில் எதிராளி பேரே நின்றால் அடுத்த தலைமுறையில் இதே வரப்புக்கு இன்னொரு வழக்கு வரும்.